ஹாக்கி ரசிகர் சங்கம், கோவில்பட்டி: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், உட்கார நாற்காலி கிடைக்காமல் கையில் டீ டம்ளரோடு பின்னால் நிற்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு பதினோரு செயற்குழுக் கூட்டங்கள் நடந்தன. பன்னிரண்டாவது கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை; வந்த நான்கு பேரும் டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

சரி, ஜூன் மாதத்துக்கு வருகிறேன். எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறீர்கள்.

பிப்ரவரியில் புவனேஸ்வரில் நடந்த, ஒன்பது நாடுகள் மோதும் புரோ லீக் தொடரின் ஆட்டங்களில் நம் ஆண்கள் அணி எட்டில் ஐந்தை வென்று, 15 புள்ளியோடு மூன்றாம் இடத்தில் இருந்தது. ஐரோப்பாவில் இன்னும் எட்டு ஆட்டங்கள். அதை நம்பித்தான் சங்கம் புரொஜெக்டரை மொத்த வாடகைக்குப் பேசியது. மொட்டை மாடியில் திரைக்குப் பதில் துணைத்தலைவர் வீட்டு எட்டு முழ வேட்டி. முதல் ஆட்டத்துக்கு மாடி கொள்ளவில்லை. கடைசி ஆட்டத்துக்கு நாங்கள் ஒன்பது பேர், அப்புறம் புரொஜெக்டர்காரர்.

நடந்ததைப் பதிவுக்காகச் சொல்கிறேன். ஆம்ஸ்டெல்வீனில் நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆண்ட்வெர்ப்பில் ஆஸ்திரேலியாவிடம் 2-3, இன்னொரு 2-3. அங்கேயே பெல்ஜியத்திடம் 3-6. தொடர்ச்சியாக ஏழு தோல்வி. மறுநாள் அதே பெல்ஜியத்தை 4-3 என்று வென்றார்கள். 59வது நிமிடத்தில் ஹர்மன்பிரீத் போட்ட கோல். அதைப் பார்த்தவர்கள்தான் அந்த ஒன்பது பேர். ஒன்பது நாடுகளில் நாம் எட்டாவதாக முடித்தோம். நமக்குக் கீழே அயர்லாந்து மட்டும்.

ஏழில் ஆறு தோல்வி ஒரே ஒரு கோலில். இதை வைத்து நம் சங்கத்தில் நடந்த சண்டையை நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் முழுவதும் எழுத முடியவில்லை. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற அண்ணாச்சி, "ஒரு கோல்தானடே, அது அதிர்ஷ்டம்" என்றார். அந்தக் காலத்தில் மாவட்ட அணிக்கு கோல் காத்த மாமா, "ஸ்ரீஜேஷ் நின்றிருந்தால் ஏழில் மூன்று ஆட்டமாவது நம்முடையது" என்றார். பாரிஸ் ஒலிம்பிக்கோடு ஸ்ரீஜேஷ் ஓய்வுபெற்ற பிறகு கோல் கம்பத்துக்குக் கீழே யார் நின்றாலும் மாமாவுக்குப் பிடிப்பதில்லை. இளைஞர் அணியினர் நேரே பயிற்சியாளர் கிரேக் ஃபுல்டனிடம் போய்விட்டார்கள். அவரை மாற்ற வேண்டும் என்று ஜூன் 22 காலையில் தீர்மானம் வேறு நிறைவேறியது. அன்று மாலைதான் பெல்ஜியத்தை வென்றோம் என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

அந்தத் தீர்மானத்தை நான் எங்கேயும் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். முந்தைய ஆண்டு இதே ஃபுல்டனின் அணிதான் பாரிசில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றது. ஒலிம்பிக்கில் நாம் அவர்களை வென்று 52 வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் கடலைமிட்டாய் வாங்கி வந்தவனுக்கெல்லாம் பங்கு கொடுத்தோம். ஒரு வருஷத்தில் அவர் ஹாக்கியை மறந்துவிடுவாரா?

அதற்காகத் தோல்விக்கு அதிர்ஷ்டத்தைக் கைகாட்டுவதையும் நான் ஏற்கவில்லை. எட்டு ஆட்டத்தில் நாம் போட்டது 18 கோல், வாங்கியது 26. நெதர்லாந்துடன் முதல் ஆட்டத்தில் 58வது நிமிடம் வரை 1-1. அப்புறம் தைஸ் வான் டாம் முடித்து வைத்தார். பலமான அணி கடைசி ஐந்து நிமிடத்தில் புதிதாக எதுவும் செய்வதில்லை. முதல் குவார்ட்டரில் செய்ததையே செய்கிறது: பந்தை கோலுக்கு முன்னால் உள்ள 'டி' அரைவட்டத்துக்குள் கொண்டுவா, தடுப்பவர் காலில் பட வை, அந்தத் தப்புக்குப் பெனால்டி கார்னர் வாங்கு. நம் ஆட்கள் அந்த நேரத்தில் பந்தைத் தூர அடித்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அடித்த பந்து அரை நிமிடத்தில் திரும்பி வருகிறது. மாடியில் உட்கார்ந்து இதைச் சொல்வது சுலபம், தெரியும். ஆனாலும் ஆறு முறை ஒரே மாதிரி நடந்தால் அதன் பெயர் அதிர்ஷ்டம் இல்லை, அண்ணாச்சி.

செப்டம்பரில் ராஜ்கிரில் கொரியாவை 4-1 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பையை வென்றபோது மேற்படி தீர்மானம் ஒருமனதாக வாபஸ் பெறப்பட்டது. முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அன்று கூட்டத்துக்கு வரவில்லை.

அடுத்து ஜூனியர் உலகக் கோப்பை. நம் ஆயுசில் நடக்குமா என்று நினைத்தது, மதுரையிலும் சென்னையிலும் நடந்தது. 24 நாடுகள், அனுமதி இலவசம். டிசம்பர் 2 அன்று மதுரையில் சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றதற்கு இரண்டு வேன் போனது. நம் ஊரில் டர்ஃப் என்ற செயற்கைத் தரை வருவதற்கு முன்னால் கரிசல் புழுதியில் ஆடிய பெரியவர்கள் நான்கு பேர், புது நீலத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ஆட்டம் தொடங்கியதைக்கூட நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது.

கால் இறுதியில் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் தாண்டியதும் ஒரே முடிவு: அரை இறுதிக்குச் சென்னை போவது. எதிரே ஜெர்மனி. நம் ஜூனியர் அணியின் பயிற்சியாளர் ஸ்ரீஜேஷ் என்பதால் மாமா முன்சீட்டில் உட்கார்ந்தார். டிசம்பர் 7, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானம் நிரம்பி வழிந்தது. 13 நிமிடம் வரை தொண்டை கிழியக் கத்தினோம். 14இல் ஜெர்மனி ஒன்று, 15இல் இன்னொன்று. இடைவேளையில் 0-3, முடிவில் 1-5. அன்மோல் எக்கா அடித்த அந்த ஒரு கோலுக்கு நாங்கள் போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால், வெளியே நின்றவர்கள் நாம் ஜெயித்ததாக நினைத்திருப்பார்கள். ஜெர்மனிக்காரப் பையன்கள் பந்தை வாங்கும் முன்பே அடுத்து எங்கே தருவது என்று பார்த்துவிடுகிறார்கள். நாம் வாங்கிய பிறகுதான் தலையை நிமிர்த்துகிறோம். மாமா விழுப்புரம் வரை பேசவில்லை. அங்கே டீ குடிக்கும்போது, "கோல் கீப்பர் மேல தப்பில்ல" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டது இதுவே முதல் முறை.

வேனுக்கு மூன்று நாள் வாடகை கொடுக்கப் பணமில்லாததால் மறுநாளே திரும்பிவிட்டோம். 10ஆம் தேதி வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, 49, 52, 57, 58 நிமிடங்களில் நான்கு கோல் போட்டார்கள். கடைசிக் குவார்ட்டரில்! அதை அவரவர் வேலை செய்யும் இடத்தில் செல்போனில் பார்த்தோம். சிலர் பார்க்கவும் இல்லை. வேன் முடிவுக்கு நானே பொறுப்பு. திட்டுவதாக இருந்தால் கூட்டம் முடிந்ததும் திட்டலாம்.

2026 ஆகஸ்டில் ஆண்கள் உலகக் கோப்பை நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடக்கிறது. அதே ஆம்ஸ்டெல்வீன்தான். புரொஜெக்டரைச் சொந்தமாக வாங்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. துணைத்தலைவர் வீட்டில் வேட்டியைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள், ஆகையால் திரையும் சேர்த்து. பொருளாளர் இப்போது கணக்கை வாசிப்பார். அதைக் கேட்ட பிறகு கையைத் தூக்குங்கள்.

செயலாளர்