கரு ஒட்டலைன்னா படி ஏறினதுதான் காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல வந்த குழந்தையின்மை கட்டுரைய முழுசா படிச்சேன், நல்லா எழுதியிருந்தீங்க, ஆனா முட்டை, விந்தணு, கருவோட தரம்னு பக்கம் பக்கமா சொல்லிட்டு கர்ப்பப்பைக்கு வந்ததும் "கரு அங்க போய் ஒட்டிக்கும்"னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. எனக்கு வருத்தமே அங்கதான். ஏன்னா ஐவிஎஃப்ல, அதாவது வெளில உருவாக்கின கருவ கர்ப்பப்பைக்குள்ள வைக்கற சிகிச்சைல, அப்படி வைக்கற டிரான்ஸ்ஃபர் ஃபெயில் ஆன பொண்ணுகிட்ட "நீ படி ஏறின, வெயிட் தூக்கின"ன்னு வீட்ல சொல்றதெல்லாம் இந்த ஒரு வரில இருந்துதான் வருது.

உள்ள நடக்கறது வேற. மாதவிடாய் சைக்கிளோட முதல் பாதில ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன் கர்ப்பப்பையோட உள்சுவர வளர்த்து விடும். முட்டை வெடிச்சதும் அந்த இடத்துல உருவாகற கார்பஸ் லூட்டியம்ங்கற சுரப்பி புரோஜெஸ்டிரான்னு இன்னொரு ஹார்மோன சுரக்கும், அது செல்லுக்குள்ள தனக்குன்னு இருக்கற ரிசெப்டர்ங்கற புரதத்துல போய் உக்காந்து சில ஜீன்கள ஆன் பண்ணும் சிலத அடக்கும். அப்படி ஆன் ஆகறதுல ஹேண்ட்2ன்னு ஒரு ஜீன், உள்சுவரோட மேல்பரப்பு செல்கள் பெருகிட்டே போறத நிறுத்தறது அதோட வேலை, கர்ப்பப்பைல அந்த ஜீன் இல்லாத எலிகள்ல செல் பெருகறது நிக்கல கருவும் பதியல, 2011ல கண்டுபிடிச்சாங்க.

அத விட என்னை உலுக்கினது 1992ல எலிகள்ல செஞ்ச ஆய்வு. எல்ஐஎஃப்னு ஒரு புரதத்துக்கான ஜீன் இல்லாத பெண் எலிக்கு கரு உருவாகுது, நல்லாவும் இருக்கு, ஆனா ஒட்டவே மாட்டேங்குது. அதே கருவ எடுத்து சாதாரண எலியோட கர்ப்பப்பைல வச்சா ஒட்டி வளருது! கருவுல ஒரு குறையும் இல்ல, இடம்தான் தயாராகல.

மனுஷங்கள்லயும் கர்ப்பப்பை எந்நேரமும் கருவ ஏத்துக்காது, 28 நாள் சைக்கிள்ல தோராயமா 20ல இருந்து 24ஆம் நாள் வரைக்கும்தான். ஐவிஎஃப்ல உறைய வச்ச 5 நாள் கருவ உள்ள வைக்கறதுக்கு முன்னாடி புரோஜெஸ்டிரான் குடுத்து நாள் எண்ணறது இதுக்குத்தான். ஸ்கேன்ல எண்டோமெட்ரியம், அதாவது அந்த உள்சுவர், 8 மில்லிமீட்டர்னு பார்த்து சந்தோஷப்படறோம், அது தடிமன் மட்டும்தான், ஜீன்லாம் என்ன நிலைமைல இருக்குன்னு ஸ்கேனுக்குத் தெரியாது.

அதுக்காக கர்ப்பப்பை மேலயே பழிய போட்டுடவும் கூடாது, கருவோட குரோமோசோம்ல தப்பு இருந்து நிக்காம போறதும் ரொம்ப சகஜம். எப்படி பார்த்தாலும் படி ஏறினது காரணம் இல்ல, டிரான்ஸ்ஃபருக்கு அப்புறம் படுத்தே கிடந்தா வாய்ப்பு கூடும்னு ஆய்வுகள்ல தெரிய வரல.

இன்னொண்ணு, உள்சுவர்ல கொஞ்சம் கிள்ளி எடுத்து ஜீன்கள பார்த்து டிரான்ஸ்ஃபர் நாள குறிக்கற டெஸ்ட் இப்ப நிறைய இடத்துல பண்றாங்க. 2022ல வந்த பெரிய ஆய்வுல அப்படி நாள் மாத்தி வச்சவங்களுக்கு குழந்தை பிறக்கறது கூடல. காசு கட்டறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சாகணும், ஒரு நல்ல டாக்டர்கிட்ட கேட்டு அடுத்த இதழ்லயே விவரமா எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி