பாப்பாவுக்கு, கானகத்தார் விதியைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். கணினி விளையாட்டுக் கதைக்காக நீ எழுதி அனுப்பிய கானகத்தார் பக்கங்களை நானும் படித்தேன், உன் அம்மாவும் படித்தாள். கானகத்தாருக்கு நீ முன்மாதிரியாக வைத்த ட்ரூயிட் என்றால் யார் என்று ஆயா கேட்டாள். உன் கதையில் காட்டையும் வழிப்போக்கரையும் காக்கிறவர்கள் என்றேன். "நம் முனீஸ்வரன் மாதிரியா?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான் என்று சொல்லிவிட்டேன்.

கணினி விளையாட்டுக்குக் கதை எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று உன் பெரியப்பா கேட்டார். அந்த மரவெட்டிப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டினேன். பச்சை மரத்தை வெட்டியவன் என்று தெரிந்தும், கானகத்தார் முதலில் அவனை வெள்ளத்திலிருந்து கரையேற்றுகிறார்கள். கோடரி எங்கே என்று அதற்குப் பிறகுதான் கேட்கிறார்கள். அமிர்திக் காட்டில் வேலை பார்த்த எனக்கு அதன் நியாயம் தெரியும். முதலில் ஆள், பிறகு வழக்கு. பெரியப்பா அதற்கு மேல் பேசவில்லை. எனக்கு நிறைவாக இருந்தது.

ஆனால் அந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. கைத்தடி வாங்கிய நாளிலிருந்து கானகத்தார் எவரும் பிறந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். ஏன் மிதிக்கக் கூடாது? நீ அனுப்பிய குறிப்புகளை வைத்தே கேட்கிறேன். பழைய கால் (Gaul) நாட்டுப் பூசாரிகளான ட்ரூயிட்டுகள் செய்யுள்களை மனப்பாடம் செய்தே சிலர் 20 ஆண்டுகள் வரை பயின்றார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியதை அடிக்கோடிட்டிருக்கிறாய். அதற்குச் சற்று முந்தைய வரியை விட்டுவிட்டாய். பலர் தாங்களாகவே போனார்கள், பலரைப் பெற்றோரும் உறவினரும் அனுப்பி வைத்தார்கள் என்று அதில் இருக்கிறது. பெற்றவர்கள் அனுப்பி வைத்த பிள்ளைகள், பாப்பா. வீட்டோடு முறித்துக்கொண்டு போனவர்கள் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை அவர்கள் ஓரிடத்தில் கூடியதையும், வாரிசுத் தகராறு, எல்லைத் தகராறு எல்லாம் தீர்த்து வைத்ததையும் அவரே சொல்கிறார். ஊராரின் வீட்டு வழக்கைத் தீர்த்தவர்கள் தங்கள் வீட்டை மட்டும் ஏன் மறக்க வேண்டும்? வழிப்போக்கரைக் காப்பதாக சீசர் எங்கும் சொல்லவில்லை. அது நீ சேர்த்தது, நன்றாகவே சேர்த்திருக்கிறாய். அப்படியானால் விதியும் உன் கையில்தானே இருக்கிறது.

மற்றபடி சில திருத்தங்கள். காட்டுத்தீ வந்தபின் மந்திரம் சொல்லி மழையை அழைக்கிறார்கள். அது போதாது. தை மாதத்திலேயே சருகை அரித்துத் தள்ளி, மண் தெரியும்படி தீத்தடுப்புக் கோடு எடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்கிறவர்களாக அவர்களைக் காட்டு. இலுப்பைப் பூ உதிரும் காலத்தில் கரடி அதைத் தின்ன மரத்தடிக்கு வரும். வழிப்போக்கர் அங்கே படுத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் எழுது.

இன்னொன்று, உன் கானகத்தார் இரவில் தனித்தனியாக நடக்கிறார்கள். நாங்கள் ரோந்துக்குத் தனியாகப் போனதில்லை. தனியாகப் போகிறவனுக்குக் கால் பிசகினாலும் சொல்ல ஆள் இருக்காது. நீயும் வேலை முடிந்து இரவில் தனியாகத்தான் நடந்து வருகிறாய் என்று அத்தை மகள் சொன்னாள். பெங்களூரில் ஆட்டோ கிடைக்காதா? செங்கத்து நடுகற்களைப் பற்றி நான் சொன்ன அன்று, எடுத்தனூர்க் கல்லில் இருக்கும் நாயின் பெயரை நாள் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாயே, நினைவிருக்கிறதா? கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன். மகேந்திரவர்மன் காலத்தில் ஒரு நாயைப் பெயர் சொல்லி, வீரன் பக்கத்திலேயே செதுக்கி வைத்திருக்கிறார்கள். உன் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கோவிவனைக் கொடு. தனியாக விடாதே.

புளி தட்டி முடிந்தது. உன் பங்கைத் தனியே எடுத்து வைத்திருக்கிறாள் அம்மா. மாமரத்தில் மறுபடியும் புல்லுருவி ஏறியிருக்கிறது. ட்ரூயிட்டுகள் அதைத் தங்க அரிவாளால் ஆறாம் பிறையன்று அறுப்பார்கள் என்று எழுதியிருந்தாய். நம் சஷ்டியும் அதே ஆறாம் நாள்தான் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குப் புல்லுருவி மரத்தைக் கெடுப்பது, அவ்வளவுதான். வெட்டிவிடப் போகிறேன்.

பொங்கலன்று வந்துபோனவர்களைப் பற்றி இந்த வீட்டில் இப்போது யாரும் பேசுவதில்லை. அம்மாவும் பேசுவதில்லை. அவர்களுக்குச் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன். இனிமேல் உன்னைக் கேட்காமல் யாரையும் வீட்டுக்கு அழைக்கப் போவதில்லை. அந்த விஷயம் முடிந்தது. நீ தொலைபேசியில் பேசினாலும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டோம்.

மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு உன் அண்ணன் வருகிறான். பாலாற்றங்கரைக்கு எல்லோரும் போவதாக இருக்கிறோம். காட்பாடியில் எத்தனை மணிக்கு வண்டி இறங்கினாலும் நான் வந்து நிற்பேன்.

அந்த விதியை மட்டும் மாற்று. ஆண்டுக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு வரலாம் என்று இருக்கட்டும். மாற்றிய பக்கங்களை அச்செடுத்துக் கொண்டு வா, கைப்பேசியில் படித்தால் அம்மாவுக்குக் கண் வலிக்கிறது.

அன்புடன்,
அப்பா