காயம் எப்படி இருக்கிறது என்று கேள்

அன்பு மகளுக்கு,

கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்ட மாப்பிள்ளைக்குக் கழுத்தெலும்பு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று தம்பி சொன்னதற்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைக்க ஒப்புதல் கேட்டிருக்கிறார்கள் என்பதும், நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதும் அவன் மூலமாகத்தான் தெரிந்தது. எதையும் தீர விசாரித்தே முடிவெடுப்பவள் நீ; அதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. ஐ.சி.யூ.வில் செவிலியாக வேலை பார்த்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்ற வருத்தமும் உண்டு.

உன் பயம் எனக்குப் புரிகிறது. கழுத்தின் முன்புறம் வழியாகத் தகடும் திருகும் பொருத்தியிருக்கிறார்கள். அந்தத் தையலுக்கு அருகிலேயே ட்ரக்கியோஸ்டமி, அதாவது மூச்சுக்குழாயில் குழாய் வைக்க இடும் துளை, வரும். துளையில் கசியும் சளி காயத்தில் இறங்கி, கிருமி தகடுவரை போய்விடுமோ என்று மருத்துவர்களே வெகுகாலம் அஞ்சி, ஒன்றிரண்டு வாரம் காத்திருந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில், முன்கூட்டியே துளையிடப்பட்டவர்களிடமும் ஆழமான தொற்று அரிதாகவே காணப்பட்டது. ஆகவே முதலில் காயம் எப்படி இருக்கிறது என்று கேள். சிவந்திருக்கிறதா, நீர் கசிகிறதா, துளை தையலிலிருந்து எவ்வளவு தள்ளி வரும், துளையிடும்போது கழுத்தைப் பின்னுக்கு வளைக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேள்.

காத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது, அம்மா. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ஆம் நரம்புகளிலிருந்து வருகிறது. அந்த இடத்தில் அடிபட்டவருக்கு மூச்சிழுக்கவும் இருமவும் வலு குறைந்துவிடுவதால் வென்டிலேட்டரிலிருந்து எளிதில் விடுவிக்க முடிவதில்லை. வாய்வழிக் குழாய் நாள்கணக்கில் கிடந்தால் குரல்நாண் புண்ணாகலாம்; குழாயைப் பொறுத்துக்கொள்ளவே மயக்க மருந்து தேவைப்படும்; தேங்கிய சளி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். கழுத்துக் குழாய் வழியாகச் சளியை உறிஞ்சி எடுத்ததும் கரகரவென்றிருந்த மூச்சு சீராகி, நெறித்திருந்த புருவம் மெல்ல விரிவதை எத்தனையோ பேரிடம் நான் பார்த்திருக்கிறேன்.

குழாய் வைத்ததும் அவருக்குக் குரல் வராது. காற்று குரல்நாணைத் தொடாமல் வெளியேறுவதே காரணம் என்பதை முன்கூட்டியே அவர் காதில் சொல்லிவிடு. இல்லையென்றால் பேச்சே போய்விட்டதென்று தவித்துப்போவார். உடல் தேறியபின் பேச உதவும் வால்வு பொருத்த முடியுமா என்றும் கேட்டுவை. மூச்சு தானாகச் சீரடைந்து குழாயை எடுத்துவிட்டால், பெரும்பாலும் துளை தானே மூடிக்கொள்ளும்.

குழாய் திடீரென வெளியே வந்துவிடுவதும் சளியால் அடைத்துக்கொள்வதும்தான் நான் அதிகம் அஞ்சுபவை. அதே அளவில் ஒன்றும், அதைவிடச் சிறியதாக ஒன்றும் மாற்றுக் குழாய்கள் படுக்கையருகிலேயே இருக்க வேண்டும். குழாயைப் பிடித்திருக்கும் கழுத்துப் பட்டைக்கு உள்ளே ஒரு விரல் நுழையும் தளர்வு இருக்கிறதா என்று நீயும் பார். எல்லாவற்றுக்கும் முன்னால் காயத்தைப் பற்றிக் கேள். மறுபடியும் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. மருத்துவர் சொல்லும் பதிலை அப்படியே எனக்கு எழுது, இரவானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா