பேரேட்டு உறைகளுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

கானாடுகாத்தான் ஆச்சி வீட்டுப் பழைய பேரேடுகளுக்குத் தோல் உறை போடும் வேலை நல்லபடியாக முடிந்தது. பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் பாராட்டுகிறார்கள். அதில் பங்குள்ளவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த மடல்.

திண்டுக்கல் தோல் ஷாப் பாய்க்கு முதல் நன்றி. மேல்பூச்சு இல்லாத, மரப்பட்டையில் பதனிட்ட தோலாகப் பொறுக்கிக் கொடுத்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார், தோல் உடனே குடித்துக் கறுத்தது. "தண்ணி இறங்குற தோல்லதான் சாயமும் இறங்கும்" என்றார். ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும், அதற்காகத்தான் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுத்தார்கள் என்ற பழைய தொழில் விவரமும் அவர் சொல்லித்தான் தெரியும்.

உறையில் இருக்கும் பூ, ஆத்தங்குடிப் பூத் தரைக்கல் போடும் அண்ணன் தந்தது. தன் தகர அச்சைத் தாளில் வைத்து வரைந்துகொள்ளச் சொன்னார். தொழில் செய்கிற அச்சை இன்னொருவர் கையில் கொடுக்க மனசு வேண்டும்.

காரைக்குடியில் செருப்பு தைக்கும் பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வது? எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதை முழுக்க அவர்தான் பழக்கினார். பூவை முதலில் பதிக்க வேண்டும். தோலை நனைத்து, ஈர நிறம் போய்ப் பழைய நிறம் திரும்பத் தொடங்கும் நேரத்தில் அழுத்தினால்தான் பூ நிற்கும். நன்றாகக் காய்ந்தபின் சாயம். கெட்டியாக ஒரே பூச்சு கூடாது, ஸ்பிரிட் கலந்து நீர்க்கவிட்டு, துணியை வட்டமாகச் சுழற்றி இரண்டு மூன்று தடவை. முதல் பூச்சு திட்டுத் திட்டாகத்தான் தெரியும், அதைப் பார்த்துப் பதறக் கூடாது. தைப்பதற்கு முன்பே சாயம் போட்டுவிட்டால் வெள்ளை நூல் வெள்ளையாகவே இருக்கும்.

அப்புறம்தான் பலர் விட்டுவிடுகிற வேலை. காய்ந்த தோலைப் பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும், துணியில் நிறம் ஒட்டாமல் போகும் வரைக்கும். "பேரேட்டை மடியில வச்சுப் பார்ப்பாங்க, வேட்டியில கறை பட்டா உன் பேரு போச்சு" என்று பக்கத்திலேயே நின்று துடைக்க வைத்தார். ஸ்பிரிட் சாயம் தோலை வறள வைக்கும், ஆகவே அடுத்து லேசாக எண்ணெய். ஒரு ராத்திரி அப்படியே விட்டு, எண்ணெய் உள்ளே போனபின் மெல்லிய மேல்பூச்சு. அது துளைகளை மூடிவிடும், அதற்குப்பின் சாயம் இறங்க வழியில்லை. அவசரக்காரர்கள் அந்தப் பூச்சை முந்திப் போடுவதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

ஓரங்களை மெழுகு தேய்த்து வழவழப்பாக்கிய பக்கத்து வீட்டுத் தங்கைக்கும் நன்றி. பொறுமையான வேலை, என்னைவிட அவள் கை அதற்குப் பொருத்தம்.

ஆச்சிக்கு நான் பெரிய கடன்பட்டிருக்கிறேன். வெயிலில் காய்ந்தால் தோல் விறைத்துப்போகும் என்றதும், வளவின் (வீட்டு உள்முற்றத்தின்) நிழலை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள். எப்போது முடியும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர்கள் ஐயா கையெழுத்திருக்கும் ஏடுகளை நம்பிக் கொடுத்ததையும் மறக்க மாட்டேன்.

எல்லோரும் ஒருநாள் கானாடுகாத்தான் வந்து உறைகளைப் பாருங்கள். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பப் போவதில்லை என்று ஆச்சி இப்போதே சொல்லிவிட்டார்கள்.