ஃபெர்மென்டரோடு நிறுத்தாதீர்கள்: மக்காச்சோள எத்தனால் ஆலைகளுக்கு ஒரு திறந்த மடல்

மக்காச்சோள எத்தனால் ஆலைகளின் நிர்வாகிகளுக்கும் பைலட் பிளாண்ட் (சிறிய சோதனை ஆலை) பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். 2023-24 விநியோக ஆண்டில் மக்காச்சோள எத்தனாலுக்கு லிட்டருக்கு 71.86 ரூபாய் கொள்முதல் விலை கிடைத்தது. அந்த ஆண்டிலேயே கரும்பைப் பின்னுக்குத் தள்ளி மக்காச்சோளம் முதலிடத்துக்கு வந்துவிட்டது. அதிலிருந்து புது ஈஸ்ட், புது என்சைம், புது அரைப்பு முறை என்று பைலட் பிளாண்டுகளில் சோதனைக்குக் குறைவில்லை. ஆனால் ஃபெர்மென்டரில் (நொதிக்கும் கலத்தில்) ஆல்கஹால் சதவீதத்தைப் பார்த்தவுடன் சோதனையை முடித்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: எந்தச் சோதனையையும் டிரையர் (உலர்த்தும் கருவி) வரை ஓட்டுங்கள். எத்தனால் போக மிஞ்சி வெளியே வரும் கால்நடைத் தீவனத்தைச் சோதித்த பிறகு முடிவெடுங்கள்.

ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து ஏறத்தாழ 380 லிட்டர் எத்தனால் வருகிறது. எடையில் அது 300 கிலோ. கரியமில வாயுவும் கிட்டத்தட்ட அதே அளவு போகிறது. மிஞ்சுவது ஏறத்தாழ 300 கிலோ டிடிஜிஎஸ், அதாவது தீவனமாக விற்கும் உலர்ந்த எச்சம். மாவுச்சத்து மட்டும் கரைந்து போவதால் மற்றவை எல்லாம் மூன்று மடங்கு செறிவாகின்றன. 8-9 சதவீதமாக இருந்த புரதம் 26-30 ஆவதை எல்லோரும் விளம்பரத்தில் போடுகிறோம். பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சினும் அதே மூன்று மடங்குதான். ஈஸ்ட் அதை அழிப்பதில்லை, வடிகலனின் சூடும் அழிப்பதில்லை. 10 பிபிபி (நூறு கோடியில் 10 பங்கு) உள்ள மக்காச்சோளம் 30 பிபிபி டிடிஜிஎஸ் ஆகும். அமெரிக்காவின் உணவு-மருந்து நிர்வாகமான எஃப்டிஏ கறவை மாட்டுத் தீவனத்துக்கு வைத்திருக்கும் வரம்பு 20 பிபிபி. மாடு தின்ற நச்சு அஃப்ளாடாக்சின் எம்1 வடிவில் பாலுக்கு வருகிறது. நம் நாட்டில் பாலில் அதற்கு வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். 2018-இல் நடந்த தேசியப் பால் ஆய்வில் தமிழ்நாடு, டெல்லி, கேரள மாதிரிகளில்தான் இந்த நச்சு முனைப்பாகத் தெரிந்தது. அதற்குத் தீவனம் காரணம் என்று அந்த ஆய்வே சுட்டியது. அதனால் மக்காச்சோளம் இறங்கும் இடத்திலேயே லாரியின் பல இடங்களில் குத்தி மாதிரி எடுங்கள். நச்சு ஒரு மூலையில் கட்டியாக இருக்கும்; ஒரு கைப்பிடி மாதிரி எதையும் சொல்லாது.

அடுத்தது பேக்செட், அதாவது மிஞ்சிய திரவத்தைத் திருப்பிவிடுவது. பெரிய ஆலையில் டிகாண்டரிலிருந்து (திடப்பொருளைச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) வரும் தின் ஸ்டில்லேஜில் (வடித்த பின் மிஞ்சும் நீர்த்த திரவம்) ஒரு பகுதி மறுபடியும் மேஷுக்கு (நொதிக்க வைக்கும் மாவுக் கரைசல்) திரும்புகிறது. பைலட் பிளாண்டில் ஒவ்வொரு தொகுதிக்கும் புதுத் தண்ணீர் ஊற்றினால் அந்த ஈஸ்டின் உண்மையான நிலைமை தெரியாமலே போகும். கரைபொருளில் 30 சதவீதம் திரும்பினால் லாக்டிக் அமிலம், சோடியம், சல்பேட் எல்லாம் முதல் சுற்றின் அளவைப் போல் 1.43 மடங்கில் போய் நிலைக்கின்றன. அந்த நிலையில் 99 சதவீதத்தை எட்டத் தொடர்ந்து 4 சுற்று வேண்டும். 50 சதவீதம் திரும்பினால் இரண்டு மடங்கு, 7 சுற்று. முதல் சுற்றில் 0.3 சதவீத லாக்டிக் அமிலம் ஈஸ்டுக்குத் தொல்லை தராது. அதுவே 0.6 ஆகும்போது, கூடவே அசிட்டிக் அமிலம் 0.05 சதவீதத்தைத் தாண்டினால், நொதித்தல் மெதுவாகி இழுத்துக்கொண்டே போகும். ஒற்றைத் தொகுதியின் முடிவை வைத்து ஈஸ்ட் வாங்குவது பணத்தைக் கரைப்பதுதான். அமிலம் ஏறியதும் ஆன்டிபயாட்டிக்கைக் கொட்டுவதும் தீர்வல்ல. எச்சம் தீவனத்துக்குப் போகும். அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியா ஒளிந்திருக்கும் குழாயை முதலில் பாருங்கள். கிளைக்குழாயின் நீளம் அதன் விட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தால் காஸ்டிக் (கழுவும் காரக் கரைசல்) அங்கே சுழலாது. பந்து வால்வின் (ball valve) உட்குழியில் பழைய மேஷ் தங்கும்; கழுவும்போது வால்வைத் திறந்து மூடி அசைத்தால்தான் அது வெளியேறும்.

அரைப்பைப் பற்றிச் சுருக்கமாக: சல்லடையை நுணுக்கினால் ஆல்கஹால் கொஞ்சம் கூடும். ஆனால் பொடி டிகாண்டரில் நிற்காமல் தின் ஸ்டில்லேஜோடு எவாப்பரேட்டருக்கு (அதன் நீரை ஆவியாக்கும் கருவி) போய்க் குழாய்களில் படியும். லாபம் ஓரிடத்தில் தெரிகிறது, நஷ்டம் வேறிடத்தில் சேர்கிறது.

டிரையர்தான் அதிகம் புறக்கணிக்கப்படுவது. டிகாண்டரில் பிரிந்த ஈரப் பிண்ணாக்கில், எவாப்பரேட்டரில் கெட்டியான சிரப்பைக் கலக்கும்போது, ஏற்கெனவே உலர்ந்த பொருளைப் போதுமான அளவு திருப்பிக் கலக்காவிட்டால் உருண்டைகள் பிடிக்கும். கடலை உருண்டை அளவில், வெளியே கருகி உள்ளே பிசுபிசுவென்று வரும். கருகிய பகுதியில் லைசின் (தீவனத்தில் அவசியமான அமினோ அமிலம்) சர்க்கரையோடு பிணைந்து வீணாகிறது. உள்ளே தங்கிய ஈரம் குவியலில் பூஞ்சையாகிறது, சில சமயம் தானே சூடேறிப் புகைகிறது. சிரப்பைப் படிப்படியாகத் தெளியுங்கள். வெளிவரும் பொருளின் ஈரம் 10-12 சதவீதத்துக்குள் இருக்கட்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். லைசினைப் புரதத்தால் வகுத்துப் பாருங்கள்: 28 சதவீதப் புரதத்தில் 0.84 லைசின் இருந்தால் 3 சதவீதம், நல்ல சரக்கு. 0.6 தான் இருந்தால் 2.1. தீவன வல்லுநர்கள் 2.8-க்குக் கீழே போனதைச் சூடுபட்ட சரக்காகவே எடுக்கிறார்கள். நாமக்கல் கோழிப் பண்ணைக்காரர் புரதத்துக்கு விலை கொடுத்துவிட்டு, லைசினைத் தனியாக வாங்கிப் போடுவது நியாயமில்லை.

பாதுகாப்பு பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காலியான ஃபெர்மென்டர் கரியமில வாயுவால் நிறைந்திருக்கும். அதை மூடி வைத்துக்கொண்டு 2-4 சதவீதக் காஸ்டிக்கைத் தெளித்தால், காஸ்டிக் அந்த வாயுவை உறிஞ்சிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகிக் கலம் நசுங்கும். காஸ்டிக்கும் கார்பனேட்டாகி வலுவிழக்கும். முதலில் காற்றை ஊதி வாயுவை வெளியேற்றுங்கள், பிறகு தண்ணீர், அதன் பிறகே காஸ்டிக். வென்ட் (காற்றுப்போக்கி) திறந்திருக்க வேண்டும்; வெற்றிடம் உண்டானால் காற்றை உள்ளே விடும் வேக்கம் பிரேக்கரை ஒவ்வொரு முறையும் கையால் தள்ளிப் பாருங்கள், காய்ந்த நுரை அதை ஒட்டவைத்திருக்கும். சூடாகக் கழுவிய கலத்தில் உடனே குளிர்ந்த நீரை அடித்தாலும் இதே கதிதான். ஆள் இறங்கும் முன் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதை மீட்டரில் பார்க்காமல் யாரையும் உள்ளே விடாதீர்கள்.

எடைக் கணக்கும் முக்கியம். 1,000 கிலோ மேஷில் 30 சதவீதம் திடப்பொருள் என்றால், கடைசியில் சுமார் 100 கிலோ திடப்பொருள் பிண்ணாக்கிலும் சிரப்பிலுமாக வர வேண்டும். 95 கிலோவுக்குக் குறைந்தால் சோதனையை ஏற்காதீர்கள். எங்கோ ஒழுகியிருக்கிறது அல்லது அளவை தவறு.

அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், சதர்ன் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட்ஸ்வில் வளாகத்தில் 2003-இல் தொடங்கிய மக்காச்சோள எத்தனால் ஆய்வு மையம் இந்த முழு வரிசையையும் சிறிய அளவில் ஓட்டிப் பார்க்கவே அமைந்தது. இங்கே புது பைலட் பிளாண்டுக்கு டெண்டர் விடும்போது டிகாண்டர், எவாப்பரேட்டர், டிரையர் மூன்றையும் முதல் கட்டத்திலேயே சேருங்கள். "இரண்டாம் கட்டம்" என்று தள்ளிப்போட்டால் அவை வருவதே இல்லை. அதுவரை, சோதனைத் தொகுதியின் டிடிஜிஎஸ்ஸை வணிகச் சரக்கோடு கலக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் 2 கிலோ மாதிரியை ஆறு மாதம் வைத்திருங்கள். அஃப்ளாடாக்சின், லைசின், கந்தகம், ஈரம் ஆகிய நான்கு எண்களையும் வாங்குபவர் கையில் கொடுத்த பிறகு லாரியை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நொதித்தல், உலர்த்தல், தீவனப் பரிசோதனைத் துறைகளில் பணிபுரியும் சிலர்