"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் குழந்தை நலப் பகுதியில், "டான்சில் உடம்பின் காவல்காரன், வளர வளரத் தானே சுருங்கிவிடும், அதற்குப் போய்க் கத்தி வைக்கலாமா?" என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வரியை மூன்று வருடம் கேட்டுக்கேட்டு நம்பியவள் நான். மாமியார் சொன்னார், பக்கத்து வீட்டில் சொன்னார்கள், முதலில் காட்டிய மருத்துவரும் சொல்லிச் சளி மருந்தே எழுதிக்கொடுத்தார். இப்போது கல்யாணமான நாள் முதல் நான் வாங்கும் பத்திரிகையும் சொல்கிறது.

என் மகனுக்கு அப்போது ஆறு வயது. கழுத்தைப் பின்னால் வளைத்து, வாயைப் பிளந்துகொண்டுதான் தூங்குவான். பெரியவர்களைப் போலக் குறட்டை. திடீரென்று சத்தம் நிற்கும். பத்து, பன்னிரண்டு எண்ணும்வரை மூச்சே வராது. பிறகு உடம்பு தூக்கிப்போட ஒரு இழுப்பு. காலையில் பாய் நனைந்திருக்கும். அதற்காக அவனை அடித்திருக்கிறேன் ஐயா. தூக்கத்தில் மூச்சு அடைபடும் குழந்தைகள் படுக்கையை நனைப்பது உண்டு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வகுப்பில் தூங்குகிறான், ஒரு இடத்தில் உட்காரமாட்டேன் என்கிறான் என்று பள்ளியில் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினார்கள்.

மதுரைக்கு அழைத்துப்போய், உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஒரு ராத்திரி தூக்க ஆய்வு செய்தோம். மணிக்கு 14 முறை மூச்சு தடைபட்டிருந்தது. குழந்தைகளுக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டுமாம். டான்சிலையும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையையும் எடுத்தார்கள். ஐந்து நாளிலிருந்து பத்து நாளுக்குள் புண்ணின் பொருக்கு உதிரும்போது ரத்தம் வரலாம் என்று எச்சரித்திருந்ததால் அத்தனை ராத்திரியும் நான் விழித்திருந்தேன். ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று நான் சொல்லவரவில்லை.

அடினாய்டு பதின்ம வயதில் சுருங்குவது நிஜம்தான். ஆனால் மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை மூச்சுப்பாதை சிறியது, சதை பெரியது. அதுவரை அந்தப் பிள்ளை எப்படி மூச்சு விடும்? தங்களுக்குத் தெரியாததல்ல, 2013-இல் அமெரிக்காவில் 5 முதல் 9 வயதுவரையான 464 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு வெளிவந்தது. அறுவை செய்தவர்களில் நூற்றுக்கு 79 பேருக்கும், காத்திருந்தவர்களில் 46 பேருக்கும் ஏழு மாதத்தில் தூக்க ஆய்வு முடிவு சீரானது. கவனத் தேர்வில் பெரிய வித்தியாசம் இல்லை என்றாலும் நடத்தையும் அன்றாட வாழ்க்கையும் அறுவை செய்தவர்களுக்கே அதிகம் தேறின. எல்லாப் பிள்ளைக்கும் கத்தி வேண்டாம் என்பதற்கும் அதில் இடம் இருக்கிறது. "கத்தியே வேண்டாம்" என்பதற்கு இடம் இல்லை.

குறட்டை விடும் குண்டுப் பையன் படத்தோடு தாங்கள் போடும் துணுக்குகளுக்கு நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். போன வருடம் அதைப் பற்றி எழுதினேன், பதில் இல்லை.

இப்போது கேட்பது அரைப் பத்திதான். தினமும் குறட்டை விடும், வாயால் மூச்சு விடும், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குழந்தையைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று அதே பகுதியில், அதே எழுத்தளவில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோவில்பட்டி.