கதவுக்குக் கார்டு போடும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சாவி போய் ஆக்சஸ் கார்டு வந்துவிட்டது. கேமராவுக்கு நாலு கொட்டேஷன் வாங்கி அலசும் அசோசியேஷன்காரர்கள்கூட, கார்டு என்ன ரகம் என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

கார்டில் பத்து இலக்க எண்ணும், பக்கத்தில் '123,45678' என்பதுபோல் காற்புள்ளி வைத்த எண்ணும் அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் பேசும் கார்டு. அதற்குள் ரகசியம் எதுவும் கிடையாது. கார்டைப் படிக்கும் கருவியான ரீடர் எது அருகில் வந்தாலும் தன் எண்ணைச் சொல்லிவிடும். டி5577 என்ற, திரும்ப எழுதக்கூடிய சிப் உள்ள வெற்றுக் கார்டில் அதை நகலெடுக்கச் சில நொடிகள் போதும். பல ரீடர்கள் '26 பிட் வீகண்ட்' என்ற தகவல் அனுப்பும் முறையில் அந்தக் காற்புள்ளி எண்ணை மட்டுமே, கதவைத் திறப்பதா என்று முடிவுசெய்யும் கன்ட்ரோலருக்கு அனுப்புகின்றன. அங்கெல்லாம் நகலெடுக்கக் கார்டின் போட்டோவே போதும். வாட்ஸ்அப் குழுவில் 'யாருடைய கார்டு இது?' என்று படம் போடுகிறவர்கள் தயவுசெய்து எண்ணை மறைத்துப் போடுங்கள்.

இன்னொரு ரகமான 13.56 மெகாஹெர்ட்ஸ் கார்டு என்றதும் நம்பிவிடவும் கூடாது. அந்த ரகத்தைச் சேர்ந்த மைஃபேர் கிளாசிக் கார்டின் 48 பிட் குறியாக்கத்தை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். டெஸ்ஃபயர் கார்டு போல, ஏஇஎஸ் (AES) என்ற வலுவான குறியாக்கம் உள்ள கார்டைக் கேளுங்கள். அதை வாங்கிவிட்டு, ரீடரை வெறும் சீரியல் எண்ணைப் படிக்கும்படி விட்டால் கொடுத்த காசு வீண். குறியாக்கச் சாவி கொண்டு படிக்கும்படி அமைத்துத் தருவதாக எழுத்தில் வாங்குங்கள்.

அடுத்தது வயரிங். ரீடரும் கன்ட்ரோலரும் ஒன்றாக இருக்கும் மலிவு யூனிட்டை வெளிச்சுவரில் மாட்டுகிறார்கள். அதன் திருகைக் கழற்றினால் பூட்டின் வயர் கைக்கு எட்டிவிடும், கார்டே தேவையில்லை. ரீடர் மட்டும் வெளியே இருக்கட்டும். பூட்டுக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலே உள்ள கன்ட்ரோலர் உள்பக்கம் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும்.

600 பவுண்டு காந்தப் பூட்டு என்றால் சுமார் 270 கிலோ தாங்கும். ஆனால் கதவிலுள்ள தகட்டின் பின்னால் ரப்பர் வாஷர் போடாமல் இறுக்கி முடுக்கினால் தகடு காந்தத்தோடு முழுதாகப் படியாது. ஓங்கித் தள்ளினால் விட்டுவிடும். மின்சாரம் போனாலும் இந்தப் பூட்டு திறந்துகொள்ளும். ஆகவே 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி அவசியம், அதையும் இரண்டு மூன்று வருடத்துக்கொருமுறை மாற்ற வேண்டும்.

பேட்டரி இருக்கிறதென்று தீயை மறந்துவிடக் கூடாது. தீ அலாரம் அடித்ததும் பூட்டுக்கான மின்சாரம் தானாக அறுபட வேண்டும். உள்ளிருக்கும் எக்ஸிட் பட்டனும் கன்ட்ரோலரை நம்பாமல் நேரடியாகப் பூட்டின் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். இரண்டையும் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கதவுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் பொருத்தும் தொழிலில் உள்ள வாசகர்,
கோயம்புத்தூர்